இரண்டாவது பாட்டில் இருக்கிறதே

மனித குலத்தில் ‘அது போச்சுன்னா?’ என்றோர் இனம் உண்டு. விலங்கியல் பாடப் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. ஆனால் மதுரையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இந்த இனத்தில் ஒருவராவது எதிரே வருவார். மழைக்கு அறிகுறியே இல்லாத மாசி வெயிலில் கையில் குடையோடு வருவார். குடைக்குள் பிளாஸ்டிக் சீட்டு ஒன்றைச் சுருட்டி வைத்திருப்பார். ஏன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் நின்று, உங்களைப் பரிதாபமாகப் பார்த்து, “குடை இருக்கு, சரி. குடை போச்சுன்னா?” என்பார். அன்று மாலையே நீங்களும் ஒரு பிளாஸ்டிக் சீட்டு வாங்குவீர்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டின் மேல் ஒரு சங்கிலி, சங்கிலிக்கு இன்னொரு பூட்டு, இரண்டுக்கும் மாற்றுச் சாவி, மாற்றுச் சாவி தொலைந்தால் என்று மச்சினன் வீட்டில் ஒரு சாவி, மச்சினன் ஊருக்குப் போய்விட்டால் என்று பூட்டை உடைக்க ஒரு கடப்பாரை, அந்தக் கடப்பாரையைத் திருடன் எடுத்துவிடக் கூடாதே என்று அதையும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் நின்று நிம்மதியாக வியர்வையைத் துடைத்துக்கொள்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? திருச்சிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு, ரயில் வராவிட்டால் என்ன செய்வது என்று பஸ் ஏறி, கொட்டாம்பட்டி தாண்டும்போது ‘ரயில் சரியான நேரத்துக்கு வந்திருக்குமோ’ என்று மனம் கலங்குகிறவரை? அவர்தான். சாட்சாத் அவரேதான்.

இந்த இனத்தைப் பழித்தால் என் நாக்கு அழுகிப்போகும். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மற்ற மனிதர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடித்துக்கொண்டே அவர்களுடைய சாவைப் பற்றிப் பேசுவது எவ்வளவு சங்கடமான பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியாது. இந்த இனத்தார் அப்படியா? அவர்களே வீடு தேடி வந்து, தங்கள் சாவைத் தாங்களே எடுத்துச் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “தம்பி, இந்த பாலிசி போச்சுன்னா?” என்று இன்னொன்றும் எடுப்பார்கள். என் வீட்டு அடுப்பு அவர்கள் பயத்தில்தான் எரிகிறது. ஆகவே நான் சொல்லப்போவதை நன்றியோடு சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இனத்தின் முடிசூடா மன்னர் என் வீட்டுச் சொந்தக்காரர் தனிஸ்லாஸ். செல்லூரில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். சுற்றிலும் தறிச் சத்தம். அந்தத் தெருவில் ரகசியம் பேசுகிறவர்கூடப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசியாக வேண்டும். தனிஸ்லாஸ் விமானப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஹெலிகாப்டர்கள் நிற்கிற தளத்தில் வேலை. பறந்தாரா என்று கேட்காதீர்கள். ஸ்டோர்ஸில் இருந்தார். எண்ணெய் டின்களை அடுக்குவதும் எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. ஒருநாள் ஆள் போதவில்லை என்று மெக்கானிக்குகளுக்கு நடந்த வகுப்பில் இவரையும் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டுவிட்டது.

அந்த வகுப்பில் அவர் கற்றதை நானும் கற்றிருக்கிறேன். அவருக்கு முடிவெட்டியவர், பால் ஊற்றியவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் மாட்டிக்கொண்ட சாமியார், எல்லோரும் கற்றிருக்கிறோம். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டரின் எஞ்சினுக்கும் தலைக்கு மேலே சுற்றுகிற பெரிய விசிறிக்கும் நடுவில் ஒரு கியர்பெட்டி இருக்கிறது. எஞ்சின் நின்றாலும் பரவாயில்லை. இறங்கும்போது கீழிருந்து அடிக்கிற காற்றிலேயே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், கெட்டிக்கார பைலட் மெல்ல இறக்கிவிடுவார். ஆனால் கியர்பெட்டியில் எண்ணெய் வற்றிப் பற்கள் சூடேறி இறுகிவிட்டால் விசிறியே நின்றுவிடும். பிறகு இறங்குவது இல்லை, விழுவதுதான். இதற்காகச் சில ஹெலிகாப்டர்களில் தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்து, பெரிய எண்ணெய் போய்விட்டால் இந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்களின் மேல் விழும்படி செய்திருப்பார்களாம். அரை மணி நேரம் தாங்குமாம். அதற்குள் ஒரு வயல்காட்டைப் பார்த்து இறங்கிவிட வேண்டும்.

இதைச் சொல்லி முடித்ததும் தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொள்வார். “அரை மணி நேரம், தம்பி. மனுசனுக்கு அம்புட்டுத்தான் வேணும்” என்பார். அப்போது அவரைப் பார்த்தால் எனக்கே கண் கலங்கும்.

கண் கலங்குவதோடு நின்றிருந்தால் நல்லது. ஓய்வுபெற்று வந்தவருக்குக் கையில் ஹெலிகாப்டர் இல்லை. செல்லூரில் எது கிடைக்கும்? சுருளியின் வேன் கிடைத்தது. வாரம் முழுக்க நூல் பண்டல் ஏற்றுகிற, கல்யாண நாட்களில் மட்டும் மனிதர்களை ஏற்றுகிற பழைய வேன். அதன் கியர்பெட்டியில் லேசான எண்ணெய்க் கசிவு இருந்தது. சுருளி ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டிக்கடியில் படுத்து, அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றிவிட்டு எழுந்துவருவான். பல வருஷமாக வண்டி நிற்காமல் ஓடியது. தனிஸ்லாஸால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. “சனிக்கிழமை பாக்குற, சரி. செவ்வாக்கிழமை போச்சுன்னா?” என்று கேட்டார். சுருளி அன்று இரவு தூங்கவில்லை என்று அவன் மனைவி சொன்னாள்.

தனிஸ்லாஸின் மச்சினன் ஒருவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர் மூலம் காலியான குளுக்கோஸ் பாட்டில்கள் இரண்டு, குழாயோடும் கிளிப்போடும் வந்து சேர்ந்தன. கியர்பெட்டி மூடியில் ஓட்டை போட்டார். டிரைவர் சீட்டுக்கு மேலே கொக்கி மாட்டி, பாட்டிலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, குழாயை ஓட்டைக்குள் செருகினார். கியர் ஆயில் பாகு மாதிரி இருக்கும், குழாயில் இறங்காது என்பதால் மெல்லிய மிஷின் எண்ணெயை நிரப்பினார். வெயில் பட்டால் எண்ணெய் கெட்டுவிடும் என்று காக்கித் துணியில் இரண்டு உறை தைக்கச் சொன்னார். அவர் மனைவி மரியம்மாள் தைத்துக் கொடுத்தார். எதற்கு இரண்டு பாட்டில் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியும்.

தெருவே திரண்டு வந்து பார்த்தது. நோயாளி மாதிரி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஓடுகிற வேன் மதுரை ஜில்லாவிலேயே அது ஒன்றுதான். சுருளிக்கு ஒரே பெருமை. ஆனால் அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவன் வண்டிக்கடியில் படுப்பதை நான் பார்க்கவில்லை. கேட்டபோது, “இனி என்னத்துக்குண்ணே கெடந்து பொரளணும்? மேல ரெண்டு பாட்டில் தொங்குதே” என்றான். நியாயம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனேன்.

இப்படி இருக்கும்போது, எண்பத்து மூன்றாம் வருஷம், தனிஸ்லாஸின் ஒரே மகள் அற்புதமேரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கவனியுங்கள், ஒரே மகள். எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருந்த மனிதருக்கு இதில் மட்டும் ஒன்றுதான். பெண் டைப்ரைட்டிங் முடித்தவள், வாய்த்துடுக்கு, கெட்டிக்காரி. மாப்பிள்ளை இன்னாசிமுத்து சோழவந்தானில் பள்ளி ஆசிரியர். பெண் பார்க்க வந்த அன்றே அவளிடம் பேச்சில் தோற்று, தோற்றதில் மகிழ்ந்து திரும்பியவர். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதை மறைக்க அவள் பெரிதாகப் பாடுபடவும் இல்லை. பிடிக்காதவர் ஒருவர்தான். மாப்பிள்ளையின் தாயார் சவேரியம்மாள்.

அந்த அம்மாளுக்குத் தன் அண்ணன் மகளை எடுக்க ஆசை. மகன் பிடிவாதம் பிடித்ததால் அரை மனதாகச் சம்மதித்து, ஒரு நிபந்தனை போட்டார்: தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்துவிட வேண்டும். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதுவரை தள்ளினால் அது ஆண்டவர் சித்தமில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பாராம். எந்த இடம் என்று ஊருக்கே தெரியும். கிடைத்த நாள், தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை, மாப்பிள்ளை ஊர்க் கோயிலில். பூசை முடிந்ததும் சாமியார் பக்கத்துக் கிராமத்துக்குச் சைக்கிளில் போயாக வேண்டும். அன்று தவறினால் நாற்பது நாள் போய்விடும். நாற்பது நாளில் சவேரியம்மாள் நாலு கல்யாணம் முடித்துவிடுவார்.

தனிஸ்லாஸ் தயாரானார். தாலி இரண்டு, மோதிரம் இரண்டு ஜோடி, மாலை இரண்டு செட், மேளம் இரண்டு செட், போட்டோக்காரர் இருவர். பெண்ணின் சாப்பாட்டுக்கு இரண்டு டிபன் கேரியர். ஒன்று சின்ன அத்தை பொறுப்பு, ஒன்று பெரிய அத்தை பொறுப்பு. சீர்வரிசையில் நல்லெண்ணெய் டின்கூட இரண்டு. பெண் போக சுருளியின் வேன், அது நின்றுபோனால் ஏற்றிக்கொள்ளக் காலியாகப் பின்னால் வர ஒரு டாக்ஸி. சம்பந்தம் பேசப் போனபோது இதையெல்லாம் அவர் விளக்க, சவேரியம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “மாப்பிள்ளைக்கும் இன்னொண்ணு வச்சிருக்கீகளா?” என்று கேட்டாராம். தனிஸ்லாஸ் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் யோசித்தார். அந்த ஒரு நிமிஷத்தை அந்த அம்மாள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. புறப்படுகிற நேரத்தில் டாக்ஸியைக் காணோம். உறவுக்காரர்கள், ‘காலியாத்தானே வருது’ என்று அதில் நெருக்கியடித்து ஏறி, முன்னாலேயே சோழவந்தானுக்குப் போய்விட்டார்கள். தனிஸ்லாஸ் தலையில் கை வைத்தார். பிறகு வேனுக்குள் தொங்குகிற காக்கி உறைகளைப் பார்த்தார். முகம் தெளிந்தது. நாங்கள் ஏறினோம்: பெண், தாய் தகப்பன், இரண்டு அத்தைகள், சீர்ச்சாமான்கள், நான்.

பரவை தாண்டியது, சமயநல்லூர் தாண்டியது. இரண்டு பக்கமும் வயல்கள் பசேலென்று ஓட, அத்தைகள் மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். தேனூர் தாண்டியதும் பாட்டோடு சேர்ந்து இன்னொரு குரல் கேட்டது. கியர்பெட்டி. முதலில் முனகியது, அப்புறம் ஊளையிட்டது, அப்புறம் கரிந்த நாற்றம் வந்தது. சுருளி வண்டியை ஓரம் கட்டினான். எங்கள் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. ஒருவர் முகம் மட்டும் மலர்ந்தது.

எத்தனை வருஷம் காத்திருந்த நிமிஷம் அது! தனிஸ்லாஸ் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கையமர்த்தினார். “யாரும் பதறாதீக. அரை மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள சோழவந்தான் போயிரலாம்” என்றார். பைலட்டின் கம்பீரத்தோடு முதல் பாட்டிலின் கிளிப்பைத் திறந்தார். குழாயில் ஒன்றும் இறங்கவில்லை. லேசாகத் தட்டினார். இறங்கவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டாவது பாட்டிலின் கிளிப்பைத் திறந்தார். அதிலும் இல்லை. உறைகளைக் கழற்றினார். இரண்டு கண்ணாடி பாட்டிலும் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தன. ஒன்றில் ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது. மற்றதில் ஒரு செத்த எறும்பு.

விசாரணை சாலையோரத்திலேயே நடந்தது. சுருளி தலையைச் சொறிந்தான். கதவுக் கீலுக்குக் கொஞ்சம், சைக்கிள் செயினுக்குக் கொஞ்சம், தறிக்காரர் யாரோ அவசரத்துக்குக் கேட்டார்கள் என்று கொஞ்சம், முதல் பாட்டிலில்தான் எடுத்தானாம். “ரெண்டாவது பாட்டில் இருக்கேன்னு எடுத்தேண்ணே” என்றான். எல்லோரும் அவனைத் திட்ட வாயெடுக்கும்போது மரியம்மாள் மெதுவாக, “ஏங்க, கல்யாண ஜாக்கெட்டு தைக்கிறப்ப மிஷினு இறுகிப்போச்சு. மொதப் பாட்டில் இருக்கேன்னு நான் ரெண்டாவதுல எடுத்தேன்” என்றார். திட்ட யாரும் மிச்சமில்லை. கியர்பெட்டியில் எண்ணெய் அளவை யார் கடைசியாகப் பார்த்தது என்று நான் கேட்டேன். சுருளி பாட்டில்களைப் பார்த்தான்.

தனிஸ்லாஸ் மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். ‘நாற்பது நாள், நாற்பது நாள்’ என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சொல்லவே வருத்தமாக இருக்கிறது, இத்தனை நாள் அவரைக் கேலி செய்த எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அந்த வழியில் அந்நேரம் பஸ் கிடையாது. தூரத்தில் வெற்றிலை ஏற்றின மாட்டுவண்டி ஒன்று, எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் பெண் இறங்கி வந்தாள். பட்டுச்சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பா முன்னால் நின்றாள்.

“ரெண்டு ரெண்டா வச்சீக. ஒண்ணையாச்சும் தொறந்து பாத்தீகளாப்பா?”

அவர் நிமிரவில்லை. அவள் சுருளியிடம் திரும்பி, சீர்ச்சாமானில் இருக்கிற நல்லெண்ணெய் டின்னை உடைத்துக் கியர்பெட்டியில் ஊற்றச் சொன்னாள். மரியம்மாள் பதறிப்போனார்; சீர் எண்ணெயில் கை வைத்தால் சம்பந்தியம்மாள் என்ன சொல்வார்? அற்புதமேரி, டின்னில் எண்ணெய் இருந்து தன் கழுத்தில் தாலி இல்லை என்றால் அந்த அம்மாள் ரொம்ப சந்தோஷப்படுவார் என்றாள். நல்லெண்ணெயில் கியர் ஓடுமா என்று சுருளி இழுத்தான். எல்லோரும் தனிஸ்லாஸைப் பார்த்தோம். ஸ்டோர்ஸில் இருந்தாலும் எண்ணெய்க்காரர் அல்லவா? அவர் தலையைத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, “மெதுவாப் போனா, அரை மணி நேரம் தாங்கும்” என்றார். இந்தத் தடவை அதைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

சுருளி டின்னை உடைக்கப் போனான். பெண் அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறதா என்று நான் கேட்டேன்.

“காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கலண்ணே” என்றாள்.

சின்ன அத்தை பெரிய அத்தையைப் பார்த்தார். பெரிய அத்தை சின்ன அத்தையைப் பார்த்தார். மற்றவர் கேரியரில் இருந்து கொடுத்திருப்பார் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். தனிஸ்லாஸ் மைல்கல்லை விட்டு எழுந்து வந்தார். கேரியரைத் திறந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினார். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்வரை சாப்பிடலாம், அதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை காலியில்லை. “அழாதீகப்பா, சட்னியில விழுது” என்றாள் அந்தப் பெண்.

வேன் புறப்பட்டது. சைக்கிளில் வருகிறவன் முந்திவிடுகிற வேகம். கியர்பெட்டி சூடேற ஏற, அதிரசம் சுடுகிற வாசனை ஊரெல்லாம் பரவியது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கோயில் வாசலில் நாங்கள் போய் நின்றபோது சாமியார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டாவது வரிசையில் சவேரியம்மாளின் அண்ணன் மகள், புதுப் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, எதற்கும் தயாராக உட்கார்ந்திருந்தாள். பார்த்தீர்களா? அந்த அம்மாளும் நம் இனம்தான். தனிஸ்லாஸ் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் ஒரு கணம் மரியாதையோடு நின்றார்.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டியது இன்னாசிமுத்து, கட்டிக்கொண்டது அற்புதமேரி. அந்த நேரத்துக்கு மட்டும் போட்டோ இல்லை. இரண்டு போட்டோக்காரர்களும் மற்றவன் எடுப்பான் என்று நின்றுவிட்டார்கள். சீர் இறக்கும்போது சவேரியம்மாள் டின்களைத் தூக்கிப் பார்த்து, ஒன்று காலியாக இருக்கிறதே என்றார். நான் வாய் திறக்குமுன் மருமகள் முந்திக்கொண்டாள்: “அதுலதான் அத்தை நான் வந்து சேந்தேன்.” அந்த அம்மாள் டின்னைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தனிஸ்லாஸ் திருந்திவிட்டார் என்று செல்லூரில் பேச்சு. பாட்டில்களைக் கழற்றிவிட்டார். சுருளி மறுபடி சனிக்கிழமைகளில் வண்டிக்கடியில் படுக்கிறான். தனிஸ்லாஸ் பக்கத்தில் குந்திக்கொண்டு டார்ச் அடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சோழவந்தான் போய்வருகிறார். கையில் ஒரே குடை. மகள் வீட்டு வாசலில் நின்றதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “சாப்பிட்டியா?” என்பதுதானாம். பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறாராம். இனத்தில் ஒருவர் குறைந்துவிட்டார், என் தொழிலுக்கு நஷ்டம்தான்.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நல்லது. இரண்டு பாட்டில் தொங்கவிட நீங்கள் என்ன பைத்தியமா? ஆனால் கரண்ட் போனால் ஏற்றுவதற்கு மெழுகுவத்தி எங்கே இருக்கிறது என்று கேட்டால், மேஜை டிராயரில் என்பீர்கள். டிராயரை எப்போது திறந்தீர்கள்? டார்ச் இருக்கிறதே என்று திறக்கவில்லை. டார்ச்சில் பேட்டரி? மெழுகுவத்தி இருக்கிறதே என்று பார்க்கவில்லை. சரி, அதெல்லாம் போகட்டும், இருட்டில் யாரும் செத்துப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் மாற்று இல்லாத ஆள் ஒருவர் இருப்பார். இந்நேரம் உள்ளேதான் எங்கேயாவது வேலையாக இருப்பார். அவர் காலையில் சாப்பிட்டாரா?

வேறு யாராவது கேட்டிருப்பார்கள் என்கிறீர்களா? சரிதான்.